கட்சி அச்சிடாத வாக்குச்சீட்டு: டொராண்டோவில் ஒரு நாற்காலிக்கு 102 பேர்

2023 ஜூன் 26 அன்று டொராண்டோவில் ஓட்டுப் போடப் போனவர்கள் கையில் வாங்கிய சீட்டில் 102 பெயர்கள் இருந்தன. மேயர் பதவி ஒன்றே ஒன்று. குடும்பப் பெயரின் அகரவரிசையில் பெயர்கள் நீண்டுகொண்டே போயின. பக்கத்தில் கட்சிப் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் அத்தனை பேரும் சுயேச்சை. 200 டாலர் கட்டணமும் 25 வாக்காளர்களின் கையெழுத்தும் இருந்தால் யாரும் நிற்கலாம் என்பதால் ஆசைப்பட்டவர்கள் எல்லாம் நின்றார்கள். தன் நாய் மோலியைக் கௌரவ மேயராக்குவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவரும் அதில் ஒருவர்.

எண்ணி முடித்தபோது ஒலிவியா சௌவுக்கு 37 சதவீதம், அனா பைலாவுக்கு 32 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு பேருக்கே கிட்டத்தட்ட 70 சதவீதம் போய்விட்டது. மீதி நூறு பேர் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கட்சிப் பெயரே இல்லாத சீட்டில், இத்தனை பெயர்களுக்கு நடுவே, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் எப்படி இவ்வளவு ஒழுங்காக இரண்டு பெயர்களைச் சுற்றித் திரண்டார்கள்? சீட்டில் இல்லாத கட்சி, சீட்டுக்கு வெளியே எல்லா இடத்திலும் இருந்தது. எனக்குத் தெரிந்து இதற்கு வேறு நேர்மையான பதில் இல்லை.

முதலில் இந்தத் தேர்தல் ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம். 2022 அக்டோபரில் ஜான் டோரி மூன்றாவது முறையாக 62 சதவீத வாக்குகளுடன் மேயரானார். நான்கே மாதம். முன்னாள் ஊழியர் ஒருவருடன் அவருக்கு இருந்த உறவை 2023 பிப்ரவரியில் டொராண்டோ ஸ்டார் நாளிதழ் வெளியிட, அன்றிரவே பதவி விலகுவதாக அறிவித்தார். அப்படித்தான் யாரும் எதிர்பார்க்காத இந்த இடைத்தேர்தல் வந்தது. பதவியில் இருக்கும் மேயர் போட்டியில் இல்லை என்றதும் இத்தனை நாள் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

கனடாவில் எல்லா நகரங்களும் இப்படிக் கட்சி இல்லாமல் நடப்பவை அல்ல. மாண்ட்ரியாலிலும் வான்கூவரிலும் நகர அளவிலான கட்சிகள் உண்டு, அவற்றின் பெயர் வாக்குச்சீட்டிலும் வரும். வான்கூவரில் ஒரு வேடிக்கை. அங்கே பல பத்தாண்டுகள் நகரத்தை ஆண்ட கட்சியின் பெயரே ‘கட்சி சாராதோர் சங்கம்’. சி.சி.எஃப் என்ற இடதுசாரிக் கட்சி நகராட்சிக்குள் நுழைவதைத் தடுக்க 1937-ல் ஆரம்பித்தார்கள். அரசியலே வேண்டாம் என்று சொல்வதும் ஒரு அரசியல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே நகராட்சித் தேர்தல் சட்டத்தில் கட்சி என்ற ஒன்றுக்கே இடமில்லை. சீட்டில் கட்சிப் பெயர் வராது. மத்திய, மாகாணக் கட்சிகள் வேட்பாளருக்குப் பணம் தரக்கூடாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தரக்கூடாது. தனிநபர்தான் தரலாம், டொராண்டோ மேயர் வேட்பாளருக்கு அதிகபட்சம் 2,500 டாலர். காகிதத்தில் மிகச் சுத்தமான ஏற்பாடு. ஆனால் கட்சியில் இருபது வருஷம் இருந்தவரின் கைபேசியில் இருக்கும் எண்களை எந்தச் சட்டம் பறிமுதல் செய்யும்? வீடு வீடாகப் போகத் தெரிந்த தொண்டர்கள், சுவரொட்டி முதல் கருத்துக்கணிப்பு வரை கையாளத் தெரிந்த ஆட்கள், நன்கொடை கேட்டால் மறுக்காத நண்பர்கள், இவர்கள் எல்லாம் கட்சிகளில் வளர்ந்தவர்கள்தான். தேர்தல் காலத்தில் கட்சி அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள்.

வேட்பாளர்களைப் பார்த்தாலே இது புரியும். ஒலிவியா சௌ ஹாங்காங்கிலிருந்து 13 வயதில் வந்தவர். 1990-களிலிருந்து டொராண்டோ நகர அரசியலில் இருந்தார். 2006 முதல் 2014 வரை நாடாளுமன்றத்தில் என்.டி.பி (இடதுசாரிச் சாய்வுள்ள புதிய ஜனநாயகக் கட்சி) உறுப்பினர். அந்தக் கட்சியின் தலைவராக இருந்து 2011-ல் மறைந்த ஜாக் லேட்டனின் மனைவி. அவர் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயரை அச்சிட வேண்டிய அவசியமே இல்லை, ஊருக்கே தெரியும். அனா பைலாவ் போர்ச்சுகலிலிருந்து பதின்ம வயதில் வந்து, அம்மாவோடு சேர்ந்து அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். 2010 முதல் 2022 வரை கவுன்சிலர், டோரியின் காலத்தில் துணை மேயர், லிபரல் கட்சி வட்டாரத்துக்கு நெருக்கமானவர். மார்க் சாண்டர்ஸ் முன்னாள் காவல்துறைத் தலைவர். 2022 மாகாணத் தேர்தலில் முதல்வர் டக் ஃபோர்டின் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்காக டான் வேலி வெஸ்ட் தொகுதியில் நின்று தோற்றவர். மிட்ஸி ஹண்டர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியின் லிபரல் சட்டமன்ற உறுப்பினர், முன்னாள் கல்வி அமைச்சர், மேயருக்கு நிற்பதற்காகவே அந்தப் பதவியை விட்டார். ஆந்தனி ஃபூரி டொராண்டோ சன் நாளிதழில் வலதுசாரிப் பத்திகள் எழுதியவர். ஜாஷ் மேட்லோவும் பிராட் பிராட்ஃபோர்டும் அப்போதைய கவுன்சிலர்கள்.

இந்த வரிசையில் விட்டுப்போகக் கூடாத பெயர் குளோயி பிரவுன். 2022-ல் டோரிக்கு எதிராக நின்று, பெரிய பணமோ பின்புலமோ இல்லாமல் 6 சதவீதம் வாங்கி மூன்றாவதாக வந்தவர். 2023-ல் பெரிய விவாத மேடைகள் பலவற்றில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 102 பேரை மேடையேற்ற முடியாதுதான். ஆனால் ஐந்தாறு பேரை யார், எதை வைத்துப் பொறுக்குவது? கட்சி இருந்தால் கட்சி அந்த வேலையைச் செய்திருக்கும். இல்லாததால் ஊடகங்களும் விவாதம் நடத்தும் அமைப்புகளும் கருத்துக்கணிப்பைப் பார்த்துச் செய்தன. கணிப்பில் வர மேடை வேண்டும், மேடையில் ஏறக் கணிப்பு வேண்டும். பிரவுனுக்கு இந்த முறை 2.6 சதவீதம். கட்சி வடிகட்டி இல்லையென்றால் வாசல் திறந்திருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்டாரியோவின் மேயர் நாற்காலிகளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கட்சி அரசியலில் அடிபட்டவர்கள் வந்து உட்காரும் இடம் அது. 2022 ஜூன் 2 மாகாணத் தேர்தலில் ஃபோர்டிடம் தோற்று, அதே இரவில் லிபரல் தலைவர் ஸ்டீவன் டெல் டூக்காவும் என்.டி.பி தலைவி ஆண்ட்ரியா ஹார்வாத்தும் பதவி விலகினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டெல் டூக்கா வான் நகர மேயர், ஹார்வாத் ஹாமில்டன் மேயர். இருவருக்கும் நூலிழை வெற்றிதான், ஆனால் வெற்றி. பிராம்ப்டனின் பாட்ரிக் பிரவுன் கதை இன்னும் விறுவிறுப்பு. முற்போக்கு கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்தவர், 2018 ஜனவரியில் பதவியை விட நேர்ந்தது. பிறகு பீல் வட்டாரத் தலைவர் பதவிக்கு நின்றார். முதல்வரான ஃபோர்ட் அந்தத் தேர்தலையே ரத்து செய்ததும் பிராம்ப்டன் மேயருக்குத் தாவி ஜெயித்தார். 2022-ல் மத்திய கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்டு, கட்சியே அவரைத் தகுதி நீக்கம் செய்ய, திரும்பி வந்து மறுபடியும் மேயர். ஈழத் தமிழர் நிகழ்வுகளில் அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. டோரியும் ஒரு காலத்தில் மாகாண முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தலைவராக இருந்தவர்தான்.

சரி, 2023-க்குத் திரும்புவோம். கட்சிச் சீட்டு இல்லாத இடத்தில் ஆதரவு அறிக்கைகள்தான் சின்னம். யார் யாரை ஆதரிக்கிறார் என்று பார்த்தே வாக்காளர் வேட்பாளரின் நிறத்தைக் கண்டுபிடிக்கிறார். முதல்வர் டக் ஃபோர்ட் தன் வீட்டு முற்றத்தில் சாண்டர்ஸின் பதாகையை நட்டார். சௌ வந்தால் நகரத்துக்குப் பெரிய நாசம், வரி எக்கச்சக்கமாக ஏறும் என்று வெளிப்படையாகச் சொன்னார். டொராண்டோ ஸ்டார் பைலாவை ஆதரித்தது. தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது டோரியும் பைலாவுக்கு ஆதரவு சொன்னார். அதற்குள் முன்கூட்டிய வாக்குப்பதிவு முடிந்திருந்தது.

இங்கேதான் ஆட்டத்தின் சூட்சுமம். டொராண்டோவில் ஒரே சுற்று, யார் அதிகம் வாங்கினாலும் மேயர். சௌ முதல் நாளிலிருந்தே கணிப்புகளில் முன்னணி. அவரை வேண்டாம் என்றவர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் அவர்கள் பைலாவ், சாண்டர்ஸ், ஃபூரி, பிராட்ஃபோர்ட் என்று சிதறிக் கிடந்தார்கள். கட்சி ஏற்பாடு இருந்திருந்தால் ஒரு அறைக்குள் உட்கார்ந்து ‘நீ நில், நீ விலகு’ என்று முடித்திருப்பார்கள். இங்கே அந்த அறை இல்லை. கடைசி வாரத்தில் வாக்காளர்களே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தார்கள். சாண்டர்ஸ் 8.6 சதவீதத்தில் நின்றுவிட, பிராட்ஃபோர்ட் 1.3-க்குச் சுருங்க, பைலாவ் கணிப்புகள் சொன்னதைவிட மிக உயரத்துக்கு ஏறினார். அப்படியும் சுமார் 34,000 வாக்குகள் குறைந்தன. சாண்டர்ஸும் ஃபூரியும் சேர்ந்து வாங்கியது 98,000. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஃபோர்டின் முற்றத்துப் பதாகை யாருக்கு உதவியது என்று கேட்கத் தோன்றும். முதல்வரின் வாக்காளர்கள் சாண்டர்ஸிடம் தங்கிய ஒவ்வொரு நாளும் சௌவுக்கு லாபம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கத்தி சௌவை வெட்டியிருக்கிறது. 2014 மேயர் தேர்தலில் ஆரம்பத்தில் அவர்தான் முன்னணி. அப்போதைய மேயர் ராப் ஃபோர்டின் கலாட்டாக்கள் போதும் என்று முடிவு செய்திருந்த வாக்காளர்கள், ஃபோர்டுகளைத் தோற்கடிக்கக்கூடியவர் டோரிதான் என்று நம்ப ஆரம்பித்ததும் மெல்ல அங்கே நகர்ந்துவிட்டார்கள். ராப் நோயால் விலகி அண்ணன் டக் நின்ற அந்தத் தேர்தலில் டோரி 40, டக் ஃபோர்ட் 34, சௌ 23. அப்போது யாரையாவது தடுக்க ஓடியவர்கள் சீக்கிரமே ஒரு இடத்தில் சேர்ந்தார்கள், 2023-ல் தாமதமாகச் சேர்ந்தார்கள். மற்றபடி இரண்டும் ஒரே கதை.

இதையே சிகாகோவில் வேறு மாதிரி நடத்துகிறார்கள். அங்கும் மேயர் தேர்தல் 1999-லிருந்து கட்சி சாராதது, ஆனால் 50 சதவீதம் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று. இந்த விதிக்கு ஒரு பின்கதை உண்டு. 1983-ல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் வாக்குகள் ஜேன் பர்னுக்கும் ரிச்சர்ட் டேலிக்கும் பிரிய, ஹரால்ட் வாஷிங்டன் 36 சதவீதத்தில் வேட்பாளராகி, நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார். நேருக்கு நேர் நிற்க வைத்தால் இப்படி நடக்காது என்ற எண்ணத்தில், கட்சி சாராத இரண்டு சுற்றுத் தேர்தல் வேண்டும் என்ற முயற்சி அவர் காலத்திலேயே தொடங்கியது. சட்டம் வந்தது 1990-களில், குடியரசுக் கட்சியின் கையில் மாநிலச் சட்டமன்றம் இருந்தபோது. கட்சியை விலக்கும் விதியைக் கொண்டுவந்ததும் கட்சிக் கணக்குதான்.

டொராண்டோவுக்கு நான்கு மாதம் முன்பு, 2023 பிப்ரவரி 28-ல் சிகாகோவில் ஒன்பது பேர் நின்றார்கள். பதவியிலிருந்த லோரி லைட்ஃபுட் 17 சதவீதம் வாங்கி மூன்றாவதாகி வெளியேறினார். பால் வாலஸ் 33, பிராண்டன் ஜான்சன் 22. ஏப்ரல் 4 இரண்டாம் சுற்றில் ஜான்சன் 52-48 என்று ஜெயித்தார். இருவரும் தங்களை ஜனநாயகக் கட்சியினர் என்றே சொல்லிக்கொண்டவர்கள். ஆகவே ஜான்சனுக்குப் பின்னால் ஆசிரியர் சங்கம், வாலஸுக்குப் பின்னால் போலீஸ் சங்கம், இதுதான் வாக்காளருக்குக் கிடைத்த அடையாளம். அப்புறம் வாலஸ் 2009-ல் ஒரு பேட்டியில் தான் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தவன் என்று பேசியதைத் தோண்டி எடுத்து ஜான்சன் தரப்பு விளம்பரமாக ஓட்டியது. கட்சிப் பெயர் இல்லாத தேர்தலில் எதிராளிக்குக் கட்சி முத்திரை குத்துவதே முக்கிய ஆயுதமாகிவிட்டது. சிகாகோ விதி டொராண்டோவில் இருந்திருந்தால் சௌவும் பைலாவும் மறுபடி மோதியிருப்பார்கள். முடிவு அதே மாதிரி இருந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

டொராண்டோவுக்கும் ஒரு மாற்று வழி கொஞ்ச காலம் திறந்திருந்தது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எழுதும் முறையை நகராட்சிகள் விரும்பினால் பின்பற்றலாம் என்று 2016-ல் ஒன்டாரியோ அனுமதித்தது. 2018-ல் லண்டன் நகரம் (ஒன்டாரியோவின் லண்டன்) நடத்தியும் காட்டியது. 2020-ல் ஃபோர்ட் அரசு அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அது இருந்திருந்தால் சாண்டர்ஸின் வாக்காளர்கள் பைலாவுக்கு இரண்டாம் இடம் எழுதியிருப்பார்கள். சௌவை வரவிடக் கூடாது என்றவரின் அரசே சௌவுக்கு எதிரான வாக்குகள் ஒன்று சேரும் வழியை அடைத்து வைத்திருந்தது.

இந்தக் கட்சியில்லாத ஏற்பாட்டால் யாருக்கு நன்மை? பொதுவாகப் பெயர் தெரிந்தவருக்கு. பதவியில் இருப்பவரை டொராண்டோவில் அசைப்பது அபூர்வம், பெயர்ப்பலகை, செய்தி, திறப்பு விழா எல்லாம் அவர் பக்கம். புதியவர்களுக்குக் கொஞ்சமாவது இடம் கிடைப்பது வார்டுகளிலும் பள்ளிக் கல்வி வாரியத்திலும்தான். ஸ்கார்பரோ தமிழர்கள் ஏறிய ஏணியும் அதுவே. என்.டி.பி-யில் பொறுப்புகள் வகித்து மாகாணத் தேர்தல்களிலும் நின்ற நீதன் சான் 2017 இடைத்தேர்தலில் கவுன்சிலரானார். 2018-ல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபோர்ட் அரசு 47 ஆகவிருந்த வார்டுகளை 25 ஆக வெட்டியது. பெரிதாகிப்போன வார்டில் அவர் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். கல்வி வாரியத்துக்குப் போய், 2025 செப்டம்பரில் ஸ்கார்பரோ ரூஜ் பார்க் இடைத்தேர்தலில் திரும்பி வந்தார். 2023 நவம்பரில் ஸ்கார்பரோ தென்மேற்கில் 23 பேர் நின்ற இடைத்தேர்தலில் ஜெயித்த பார்த்தி கந்தவேளும் கல்வி வாரியத்திலிருந்து வந்தவர். மார்க்கம் நகரில் கவுன்சிலராக இருந்த லோகன் கணபதி 2018-ல் ஃபோர்டின் கட்சியில் சட்டமன்றம் போனார். ஒருவர் என்.டி.பி-யிலிருந்து நகராட்சிக்கு வந்தார், இன்னொருவர் நகராட்சியிலிருந்து கன்சர்வேட்டிவ் பக்கம் போனார். சீட்டில் மட்டும் இருவருக்கும் வெறும் பெயர்.

சின்ன வார்டில் வீடு வீடாக நடந்தே ஒருவர் தன் பெயரைத் தெரியவைத்துவிடலாம். 25 வார்டாகி, ஒவ்வொன்றிலும் லட்சம் பேருக்கு மேல் என்றானபின் அது நடக்கிற காரியமில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய குறை கட்சி இல்லாதது அல்ல, கட்சியும் இல்லாமல் வார்டையும் இவ்வளவு பெரிதாக்கியதுதான்.

ஜெயித்தபின் என்ன? மேயருக்குக் கொறடா கிடையாது. 25 கவுன்சிலர்கள், மேயரோடு 26 வாக்குகள், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் புதிதாக ஆள் சேர்க்க வேண்டும். இதில் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது. சைக்கிள் பாதைக்கு ஆதரவாக வாக்களித்தவர் அடுத்த அரை மணியில் வரி விஷயத்தில் எதிர்த்து வாக்களிக்கலாம், கட்சி நடவடிக்கை என்று எதுவும் வராது. 2022-ல் ஃபோர்ட் அரசு ‘வலுவான மேயர்’ அதிகாரங்களைக் கொடுத்தது. பட்ஜெட்டை மேயரே தயாரிக்கலாம், உயர் அதிகாரிகளை நியமிக்கலாம், சில முடிவுகளை ரத்து செய்யலாம், மாகாணத்தின் முன்னுரிமை விஷயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கவுன்சில் ஆதரவோடு சட்டம் நிறைவேற்றக்கூட முடியும். சிறுபான்மையை வைத்து ஆளும் அந்த அதிகாரத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் சௌ வந்தார்.

பிரசாரம் முழுக்க அவரைத் துரத்திய கேள்வி ஒன்றுதான்: சொத்து வரியை எவ்வளவு ஏற்றுவீர்கள்? எண்ணைச் சொல்லுங்கள். மேடைக்கு மேடை போட்டியாளர்கள் கேட்டார்கள், அவர் மிதமாக என்பதோடு நிறுத்திக்கொண்டார். 2024 பட்ஜெட்டில் அதிகாரிகள் 10.5 சதவீதம் முன்வைக்க, அவர் 9.5-ல் கொண்டுவந்து நிறுத்தினார். மிதம் என்பது இவ்வளவா என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நகரத்தின் கஜானா அப்போது இருந்த நிலையில் வேறு யார் வந்திருந்தாலும் பெரிய உயர்வுதான் வந்திருக்கும் என்பதும் உண்மை. கட்சி இருந்திருந்தால் ஒரு தேர்தல் அறிக்கையாவது இருந்திருக்கும், பிடித்துக் கேட்க ஒரு வரியாவது கிடைத்திருக்கும்.

பெரிய நாசம் என்று எச்சரித்த ஃபோர்டும் சௌவும் 2023 நவம்பர் 27 அன்று பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒப்பந்தம் அறிவித்தார்கள். நகரத்தின் கழுத்தைப் பிடித்திருந்த கார்டினர், டான் வேலி பார்க்வே என்ற இரண்டு விரைவுச்சாலைகளின் செலவை மாகாணம் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு, ஒன்டாரியோ பிளேஸ் ஏரிக்கரையில் ஸ்பா கட்டும் மாகாணத்தின் திட்டத்தை நகரம் தடுக்க முடியாது என்பதைச் சௌ ஏற்க வேண்டியிருந்தது. அந்த ஸ்பாவை எதிர்த்து ஓட்டுக் கேட்டவர் அவர். விரைவுச்சாலைகளை மாகாணத்திடம் கொடுத்துவிடலாம் என்பதோ பைலாவின் வாக்குறுதி. பைலாவ் 2025 செப்டம்பரில் கனடா அரசின் புதிய வீடு கட்டும் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். நியமித்தது லிபரல் பிரதமர் மார்க் கார்னியின் அரசு.